எக்கட்ட

அத்திப்பாளையம் பிரிவில் மாடி அறை.
கீழே கிரைண்டர் கல் அறுக்கிற பட்டறை.
அங்கே மெஷினைப் போட்டால்
என் திரையில் அம்புக்குறி நடுங்கும்.

புதுக் கனெக்டர் என்று அமுக்கினால்
பொண்ணு பார்க்க வந்தவர்கள் போல
சாப்ட்வேர் விசாரிக்கத் தொடங்கும்:
ஆணா பெண்ணா,
எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை ஓட்டை,
பூட்டு மேலேயா கீழேயா,
பின்னுக்கு வெள்ளீயமா தங்க முலாமா,
சீல் என்ன நிறம்.

எல்லாவற்றுக்கும் சொன்னேன்.
காலி ஓட்டைகளுக்கும் மறக்காமல் மூடி கொடுத்தேன்:
ஒன்று, எட்டு, ஒன்பது, பதினாறு.
போர்வெல் வண்டி அல்லவா,
சந்து கிடைத்தால் சேறு குடியேறிவிடும்.

கடைசிக் கேள்விக்கு மட்டும்
விடை ஏற்கெனவே நிரப்பியிருந்தது.
"பார்வை: பொருந்தும் முகத்திலிருந்து."
சரி போலிருக்கிறது என்று தாண்டிப் போனேன்.
கேட்லாக்கில் இருந்த படமோ
கம்பி நுழையும் முதுகிலிருந்து வரைந்தது.
படத்துக்கு அடியில், எறும்புத் தலையளவு எழுத்தில்
அதைச் சொல்லியும் இருந்தார்கள்.

நான்கு மூலையும் காலி என்பதால்
இடவலம் திரும்பிப்போன முகத்தில்
எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

பலகையில் ஆணியடித்த என் வரைபடத்தின் முன்
நான்காவது ஹார்னஸ் கட்டும்போது
கருணாம்பிகை கேட்டாள்:
"பிளாஸ்டிக்குலயே பொடுசா நம்பர் இருக்குதுங்.
உங்க படத்துல வேற மாதிரி இருக்குதே?"
"படத்துல இருக்கற மாதிரியே போடு" என்றேன்,
போனில் வேறு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டு.

ஒன்பதாம் நாள்
திருச்செங்கோட்டிலிருந்து பொங்கியண்ணன் கூப்பிட்டார்.
"ஏனுங், ராடு சுத்த உட்டா ஆரன் அடிக்குதுங்."
சிரித்தார்.
"ஆரன் அமுக்குனா ராடு சுத்துதுங்."

மூன்றும் ஆறும்.

"பக்கத்துல ஆராச்சும் நின்னாங்களா?"
"ஆருமில்லீங்."
இன்னொரு முறை கேட்டேன்.
"அதான் ஆருமில்லீங்கறேன்."
மூன்றாவது முறை கேட்டபோது
அவர் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்.
டிபன் பையில் பின் கழற்றி, புது சீல்கள், ஒரு டார்ச்,
கருணாம்பிகை வாங்கிவந்த இரண்டு முறுக்குப் பொட்டலம்.
ஈரோடு தாண்டிப் பாலத்தில் ஏறியதும்
அவள் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.
எதிர்க்கரை அக்கட்ட என்றிருந்தது,
பள்ளிபாளையத்தில் இறங்கினால் இக்கட்ட ஆகிவிடும்.
காவிரிக்கு இதில் ஒன்றுமில்லை.

மலைக்குக் கீழே யார்டு.
ஜார்க்கண்டுக்குக் கிளம்ப
நாலு வண்டி வரிசையாக நின்றது,
நாலிலும் என் தப்பு,
துல்லியமாக, ஒன்றுபோல.

சேஸுக்கு அடியில் சாக்கு விரித்து
அவள் பின்னைக் கழற்ற நான் எண் படித்தேன்.
இரண்டு ஏழுக்கு. ஏழு இரண்டுக்கு.
நாலு ஐந்துக்கு.
கிரீஸ் சொட்டிய நோட்டில் பாதி எண் அழிந்தது.
"நீங்க எக்கட்ட இருந்து பாத்து வரைஞ்சீங்?"
கோபமில்லை அவளுக்கு, தெரிந்துகொள்ளக் கேட்டாள்.
"முன்னாடியிருந்து."
கனெக்டரை உள்ளங்கையில் கவிழ்த்தாள்.
"நாங்க கம்பி வார பக்கம்தானுங் பாப்போம்.
கை அங்கதான இருக்குது."

பொழுதோட முடிந்தது.
பொங்கியண்ணன் ஏறி ஆரன் அமுக்கினார்.
ஆரன் மட்டும் அடித்தது.
யார்டு நாய் எழுந்து பார்த்துவிட்டு
திரும்பப் படுத்துக்கொண்டது.
எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.
முறுக்கைப் பிரித்து நீட்டினாள், தின்றேன்.

திங்கட்கிழமை லைப்ரரியைத் திறந்தேன்.
இதுவரை நான் பெற்றுப்போட்ட கனெக்டர் நாற்பத்தொன்று.
ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்ததில்
இன்னும் இரண்டு முகம் திரும்பியிருந்தது,
ஆர்டர் வராததால் பிழைத்தவை.
திருத்தினேன்.

குறிப்பு என்றொரு கட்டம் உண்டு, யாரும் நிரப்புவதில்லை.
அதில் தமிழிலேயே அடித்தேன்:
எக்கட்ட இருந்து?
சாப்ட்வேருக்குத் தமிழ் தெரியாது.
சின்னச் சின்னச் சதுரமாகக் காட்டியது
வரிசையாக,
மூடி போடாத ஓட்டைகள் போல.
இருக்கட்டும் என்று
அப்படியே சேமித்தேன்.