ஏழு மீட்டர்

எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கும் கராஜ் இல்லை.
செங்கல் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும்.
படி முடிந்த இடத்தில் நடைபாதை,
நடைபாதை முடிந்த இடத்தில் கார்.
லீட்ஸ் மழை எல்லாவற்றுக்கும் பொது.

பத்தொன்பதாம் எண் ப்ரோனா
வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கும் நர்ஸ்.
கெட்டில் சொருகும் அதே சாக்கெட்டில் சொருகி
கதவின் தபால் துளை வழியே
ஏழு மீட்டர் கேபிளை வெளியே விடுவாள்.
விடிய விடியக் குடித்தால்
அறுபது மைல் ஓடும்.

கேபிளுக்கு மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ரப்பர் மேடு.
என் இரட்டையரின் தள்ளுவண்டி அதில் ஏறி இறங்க
விழித்துக்கொண்டார்கள் இருவரும்.
ஒருத்தி நிறுத்த ஒருத்தி தொடங்க
ஊரே கேட்டது.
அன்றிரவே கவுன்சிலுக்கு எழுதினேன்.
'பொது வழி' என்று மூன்று தடவை எழுதினேன்.
பெயர் போடவில்லை.

அடுத்த வாரம் கேபிள் இல்லை.

டிசம்பரில் சூப்பர்மார்க்கெட் வாசலில் பார்த்தேன்.
அதிவேக சார்ஜர்கள் இரண்டு.
ஒன்றின் திரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது.
மற்றதில் ஒரு டாக்சி, தொண்ணூற்று மூன்று சதவீதம்.
எண்பதைத் தாண்டினால் எறும்பாக ஊரும்,
தெரிந்தும் எடுக்க மனமில்லை அவருக்கு.
பந்தி முடிந்தும் இலையை மூடாத ஆள்.
பின்னால் ப்ரோனா,
மிச்ச மைலைக் காப்பாற்ற ஹீட்டரை அணைத்துவிட்டு
சீருடைக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் போர்வை.
என்னைக் கண்டு கையசைத்தாள்.
பாலும் ரொட்டியுமாக நானும் அசைத்தேன்.

மார்ச்சில் என் டீசல் வண்டி செத்தது.
ஆறு வயது மின்கார் மலிவாகக் கிடைத்தது.
"வீட்டிலேயே சார்ஜ் போட வசதி உண்டுதானே?"
விற்றவன் சும்மாதான் கேட்டான்.
உண்டு என்றேன்.

தெருமுனை விளக்குக் கம்பத்தில் ஒரு சாக்கெட் இருக்கிறது.
எந்நேரமும் யாருடைய காரோ அதில் மாட்டியிருக்கும்.
சார்ஜ் நிறைந்தாலும் அந்தப் பிளக் வராது,
காருக்குடையவன் வந்து பூட்டைத் திறக்க வேண்டும்.
மூன்று இரவு சுற்றிச் சுற்றி வந்தேன்.

நேற்று, கட்டணம் குறையும் பன்னிரண்டரைக்குக்
கொஞ்சம் முன்னால்,
விளக்கெரிந்த பத்தொன்பதாம் எண்ணைத் தட்டி
ரப்பர் மேட்டை இரவல் கேட்டேன்.
தூசி தட்டிக் கொடுத்தாள்.
"பார்த்து டெஸ்மண்ட்,
இந்தத் தெருவில் யாரோ புகார் எழுதுகிறார்கள்.
நகல் அனுப்பியிருந்தார்கள் எனக்கு.
நல்ல எழுத்து.
'பொது வழி' மட்டும் மூன்று தடவை."

கதவு சாத்தியது, மெதுவாகத்தான்.

மேட்டை விரித்தேன், தபால் துளையில் கேபிளை விட்டேன்.
என்னுடையது ஐந்து மீட்டர்.
கார் வரைக்கும் ஒரு முழம் போதவில்லை.
பிளக்கைக் கையில் பிடித்தபடி
அவள் ஜன்னலில் இன்னும் அணையாத விளக்கைப் பார்த்துக்கொண்டு
மழையில் நிற்கிறேன்.