இது ஒரு குடை

படம் காட்டுவது என் வேலை.
ரியேகா மருத்துவமனையின் மூன்றாம் மாடியில்
பச்சைத் துணிக் கூடாரத்துக்கு இந்தப் பக்கம்
நோயாளியின் முகமும் நானும்.
அந்தப் பக்கம் டாக்டர் பர்பிச்,
திறந்த மண்டை,
அரிசி அளவில் எண் எழுதிய காகிதத் துண்டுகள்.

மூளைக்கு வலி தெரியாது.
உடம்புக்கெல்லாம் வலியைக் கொண்டுசேர்க்கும் தபால்காரன்
தன் வீட்டுக்கு ஒரு கடிதமும் போடுவதில்லை.
ஆகவே பாதியில் எழுப்பிவிடுவோம்.
நான் அட்டையைத் தூக்க அவர்கள் சொல்ல வேண்டும்:
இது ஒரு பூனை. இது ஒரு மணி.
பேச்சு தடுமாறும் இடத்தில் ஓர் எண் வைப்பார் டாக்டர்.
எண் இருக்கும் இடத்துக்குக் கத்தி போகாது.

அன்று டின்கோ.
நாடகக் கொட்டகையில் நாற்பது வருடம்
திரைச்சீலைகளுக்கு வானம் தீட்டியவர்.
குடையைக் காட்டினேன்.
"இது ஒரு குடை.
யார் வரைந்தது? கைப்பிடி தப்பு.
இதைப் பிடித்துக்கொண்டு போனால்
புரா காற்று ஆளையே கடலில் போட்டுவிடும்."
டாக்டர் முதலில் கையை எடுத்தார்,
பிறகு சிரித்தார்.

நான்காம் எண்ணில் ஏணி வரவில்லை.
"இது... இது..."
வாய் பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டே நின்றது.
விரல்கள் மட்டும் போர்வைமேல்
இரண்டு கோடு இழுத்து
நடுவே படிகள் போட்டன.
பெயர் கைவிட்ட பொருளைக்
கை விடவில்லை.
கலைக்கு என்னிடம் வேறு விளக்கம் கிடையாது.
மறுநாள் இதையும் சந்தேகித்தேன்.

ஏழாம் எண்ணுக்குச் சற்றுக் கீழே
மின்முனை தொட்டபோது
நான் காட்டியது ஆப்பிள்.
அவர் சொன்னது,
"ஓசானா."

தெளிவாக. இருபது வயதுக் குரலில்.
மாடிப்படியின் உச்சியில் நிற்கும் ஒருத்தி
திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதுபோல.

மனைவி பெயர் நேவென்கா என்று
படிவத்தின் தலையில் இருந்தது.
"பிழை" என்று குறித்தேன்.
வேறு கட்டம் அதில் இல்லை.
பிழை என்றதால் அங்கே எட்டாம் எண் விழுந்தது,
எண் விழுந்ததால் ஓசானா பிழைத்தாள்.

பதினெட்டு வருடமாக இந்த முக்காலியில்.
மூளை எப்படி இருக்கும் என்று கேட்பவர்களிடம் சொல்வேன்:
அழகில்லை. ஆனால்
தூங்கும் பிராணியின் விலாபோல
ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.
சொல்லாமல் விடுவது:
என் மண்டைக்குள்ளும் ஒரு பெயர்,
எந்தப் படத்தைக் காட்டினாலும்
முந்திக்கொண்டு வரத் தயாராக.
அதைக் காதல் என்று நான் அழைத்ததில்லை.
அவன் எனக்கு ஒரு சைக்கிள் திருப்பித்தர வேண்டும்,
மன்னிப்பும் ஒன்று.
கோபத்தையும் ஏக்கத்தையும் தனித்தனியே அறுத்தெடுக்கும் கத்தி
பர்பிச்சின் தட்டிலும் இல்லை.

நடைபாதையில் நேவென்கா
மூன்றாவது ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தாள்.
முதல் இரண்டும் உரித்தபடி மடியில், தின்னாமல்.
"பேசினாரா?"
"குடையைத் தப்பாக வரைந்திருக்கிறார்களாம்."
சிரித்தாள். தோலைக் கைக்குட்டையில் மடித்தாள்.
"ஓசானா?"

நான் தரையைப் பார்த்தேன்.
மருத்துவமனைத் தரைகள் இதற்காகத்தான்
இவ்வளவு பளபளப்பு.

"அப்படியானால் சரி. அவர்தான்.
வேறு யாராவது அவர் முகத்தோடு வந்துவிடுவார்களோ என்று
காலையிலிருந்து பயம்."
ஒரு சுளையை எனக்குக் கொடுத்தாள்.
பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு:
"பாழாய்ப்போனவள்.
அதையாவது கொஞ்சம் சுரண்டி எடுத்திருக்கக் கூடாதா?"

இரவு புரா ஜன்னல்களை உலுக்கியது.
சமையலறை மேசையில் உட்கார்ந்து
குடையைத் திருத்தி வரையப் பார்த்தேன்.
கைப்பிடியை நான்கு முறை அழித்தேன்,
ஐந்தாம் முறை காகிதம் கிழிந்தது.

நாளை எட்டு மணிக்கு இன்னொருவர்.
மீன்பிடிப் படகில் சமையல்காரராம்.
பழைய அட்டையைத்தான் எடுத்துப்போகிறேன்.