சுறாச் செட்டை

கோதுமைக் கப்பலின் சமையல்காரன்
ஒரு போத்தல் மாசிச் சம்பலுக்கு
மாற்றாகத் தந்துவிட்டுப் போனான்.
கறுப்பு. தீப்பெட்டியளவு.
ஒரு பக்கம் சுறாச் செட்டையாய்ச் சரிந்து
மறுபக்கம் அரம் மாதிரிப் பல்லு வைத்து
நடுவில் ஏனோ ஓர் ஓட்டை.
‘பிக்’ என்றான், காற்றில் கிற்றார் அடித்துக் காட்டி.
நானோ ஆலையில் கழன்ற ஏதோ பாகமென்று
போர்மனிடம் கொடுக்கப் பார்த்தேன்.

எனக்கு இவ்வளவு நாளும் பழைய சிம் காட்தான்.
வெட்டி, படியில் உரஞ்சி,
மழுங்கினால் அடுத்தது.

சீனன்குடாவில் இரவு வேலை முடித்து
இமைமயிரிலும் மாவோடு
பாலையூற்றுக்கு வந்து, குளிக்கவில்லை,
எடுத்தேன்.
எங்கே பிடிப்பதென்று பெருவிரலுக்கு விளங்கவில்லை.
ஓட்டைக்குள் விரலை விட்டால் மோதிரம்,
விடாவிட்டால் வழுக்கல்.
கூர்முனையால் ஒரு தட்டு:
தந்தி அதைக் கவ்விப் பறித்துக்
கிற்றாரின் வயிற்றுக்குள் போட்டுவிட்டது.

கவிழ்த்துக் குலுக்கினேன்.
சிம் துண்டு நாலு விழுந்தது,
ஒரு இரண்டு ரூபாய்க் குற்றி,
காய்ந்த பல்லி முட்டைக் கோது,
கடைசியில்தான் செட்டை.
நாலில் ஒன்றில் இன்னும் சிப் மினுங்கியது.
எந்த நம்பர் அது?
யாரெல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்து
அலுத்திருப்பார்கள்?

சரி, பல்லுப் பக்கம்.
ஆறு தந்தியிலும் இழுத்தேன்.
அரிதட்டு ஓடுகிற சத்தம்!
எட்டு மணித்தியாலம் கேட்ட அதே சத்தம்
கூடவே வீட்டுக்கு வந்து
கதிரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது.
மதிலுக்கு அப்பாலிருந்து மெல்ரோய் கத்தினான்:
“டேய் அருமை, வாசிக்கிறியோ, அறுக்கிறியோ?”

சனிக்கிழமை உப்புவெளியில் கலியாணம்.
பைலாவுக்கு இது சரிவராது
என்று வைக்கப் போனேன்.
கை பிசகி, அதன் முதுகு,
கூருமில்லாமல் பல்லுமில்லாமல்
சும்மா பிடிப்பதற்கென்று செய்தவன் விட்ட மொத்தமான இடம்,
தடித்த தந்தியில் பட்டது.
ஈர மணலில் வள்ளம் ஏறுகிற மாதிரி
இல்லை, அதைவிட மெல்ல.
இன்னொருக்கால் அடித்தேன்.
ஒழுங்கைக்குள் பாண் ஓட்டோ வந்து
பாட்டை நிறுத்தாமல் நின்றுவிட்டுப் போனது.
நான் எழும்பவில்லை.

துறைமுகப் பக்கம் நீளமாய் ஒரு ஹோர்ன்.
போகிறது.
சம்பலை எதோடு தின்னப் போகிறானோ.
உறைப்பு எப்படியென்று கேட்க
நம்பர் வாங்கவில்லை.