முப்பத்தொரு விளக்கு

திருக்கடலூர் ஐஸ் கம்பெனியில் இரவு வேலை.
கட்டி உடைக்கிற சத்தம் ஓய்ந்த பிறகு
எனக்கு மிஞ்சுவது பதிவுக் கொப்பி,
ஒரு கல்குலேட்டர், திறந்த ஜன்னல்.
முப்பத்தொரு வள்ளம் போயிருக்கிறது.

எரிந்தால் ஒன்று, அணைந்தால் சைபர் என்று வை.
முதல் விளக்கின் பெறுமதி ஒன்று, அடுத்தது இரண்டு,
பிறகு நான்கு, எட்டு, இப்படியே இரட்டித்துப் போகும்.
எது முதல் என்று சண்டையில்லை,
எல்லாம் எரியும்போது.
இப்போது கடலில் எழுதியிருப்பது
இருநூற்றுப் பதினான்கு கோடியே
எழுபத்து நான்கு இலட்சத்து
எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு.

பகா எண் என்று வாயால் சொல்லிவிடலாம்.
நான் வகுத்துப் பார்த்தேன்.

நாற்பத்தாறாயிரத்து முந்நூற்று நாற்பதைத் தாண்டித்
தேட வேண்டியதில்லை.
கள்ளர் இரண்டு பேர் என்றால் ஒருத்தன்
அந்த வேலிக்கு உள்ளேதான் நிற்பான்.
அவனும் அறுபத்திரண்டின் மடங்கோடு
ஒன்றைக் கூட்டிய உருவத்தில்தான் வருவான்.
அறுபத்து மூன்று, நூற்றிருபத்தைந்து
தாங்களே உடைந்தவை, விட்டேன்.
முந்நூற்றுப் பதினொன்று முழு ஆள்:
மீதி முப்பத்தைந்து.
முந்நூற்றெழுபத்து மூன்று:
மீதி முந்நூற்று மூன்று.
பதினேழு இரவு.
நடுவில் ஒரு மான் வந்து
ஒரு பக்கத்தைத் தின்றுவிட்டுப் போனது.
அதையும் திரும்பச் செய்தேன்.
எதற்கும் மசியவில்லை.

அக்கம்பக்கம் அப்படியில்லை.
ஒன்று குறைந்த வீட்டில்
இரண்டு, இரண்டு தரம் மூன்று, ஏழு, பதினொன்று,
முப்பத்தொன்று, நூற்றைம்பத்தொன்று,
முந்நூற்று முப்பத்தொன்று. கலியாண வீடு.
ஒன்று கூடிய வீட்டில்
முப்பத்தொரு இரண்டுகள், எல்லாருக்கும் ஒரே முகம்.
நடுவில் இது,
கதவு வைக்க மறந்து கட்டியது போல.

சிலுவைராசா புது வள்ளம் இறக்கியபோது
எனக்கு மனசு சரியில்லை.
முப்பத்திரண்டாவதும் எரிந்தால் எண் பெருக்கும்,
ஆனால் மூன்றும் ஐந்தும் பதினேழும்
இருநூற்றைம்பத்தேழும்
அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்தேழும்
பங்கு கேட்டு வந்து நிற்கும்.
இதை அவரிடம் எப்படிச் சொல்ல?
"நல்லா ஓடும் அண்ணை" என்றேன்.
பெட்டிக்கு ஐஸ் நிறுத்துப் போட்டேன்.

மெஷின் பார்க்க வந்த நிரோஜன்
உள்ளுக்கும் இதே விளக்குத்தான் என்றான்.
"எழுபதாம் ஆண்டிலயிருந்து விநாடி விநாடியா எண்ணுது.
ரெண்டாயிரத்து முப்பத்தெட்டு, தை பத்தொன்பது,
காலமை எட்டு நாப்பத்துநாலு, ஏழாவது விநாடி,
முப்பத்தொண்டும் எரியும்.
அடுத்த விநாடி எல்லாம் அணைஞ்சு
முப்பத்திரண்டாவது மட்டும் பத்தும்.
ஆயிரத்துத் தொளாயிரத்தியோராம் ஆண்டு எண்டு
மெஷின் நம்பிடும்."
மாற்ற வேண்டும் என்று விலை எழுதித் தந்தான்.

அந்தத் தாள் இன்னும் என் கொப்பிக்குள்தான்.
ஒரு செவ்வாய்க்கிழமை அது.
வள்ளங்கள் கரைக்கு வந்து ஏலம் நடக்கும்,
கடலில் ஒரு விளக்கும் இருக்காது.
இரைகிற இந்தப் பெட்டிக்குள்
ஒரு விநாடிக்கு அது முழுதாக நிற்கும்.

அன்றைக்கு எனக்குப் பகல் வேலை போடச் சொல்லி
இப்போதே கேட்டால் சிரிப்பார்கள்.