பதினெட்டு இஞ்ச் பாக்ஸ்

முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு.
இரவு பதினொன்றரைக்குக்
கல்யாணப் பெண்ணே வந்து நின்றாள்.
மருதாணி காயாத விரல்,
நகத்தால் இடுக்கிய பென்டிரைவ்.
"அண்ணே, பெரிய பாக்ஸ்ல ஒரு தடவை போடுங்க.
லேப்டாப்ல ஒண்ணும் கேக்காது."

அந்தமானுக்குத் தெற்கே
அவள் ஆட்கள் ஆழத்தில் இறக்கிய மைக்
பதினோரு மாதம் கேட்டுக்கொண்டு கிடந்ததாம்.
திமிங்கலமா?
"இருக்கலாம்" என்றாள் உண்ணாமலை.
"கப்பல் இல்ல. பூகம்பம் இல்ல.
எங்க பட்டியல்ல இருக்கிற எந்தத் திமிங்கலமும் இல்ல."

பள்ளத்தூரில் நான் அறிந்த பெரிய தண்ணீர்
ஊருணிதான்.
சாவுக்கும் சடங்குக்கும் சத்தம் விற்றுப் பிழைப்பவன்.
காதுக்கு எட்டாத ஒன்றை
இதுவரை யாரும் போடச் சொன்னதில்லை.

போட்டேன்.
ஒன்றுமில்லை.
பாக்ஸின் கறுப்புக் கோன் மட்டும்
முன்னே வந்தது, பின்னே போனது,
தூங்குகிறவன் வயிறு மாதிரி.

முற்றத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சொக்கையா
அண்டாவை எட்டிப் பார்த்தார்.
தண்ணீரில் வட்டம்.
வட்டத்துக்குள் வட்டம்.
"யாருய்யா மோட்டார் போட்டது?"
எழுந்தவர் கால் மரத்துத் தூணைப் பிடித்தார்.
பிடித்த கையை எடுக்கவில்லை.

நானும் போய்த் தொட்டேன்.
பர்மாத் தேக்கு. கடலில் மிதந்து வந்த கட்டை என்று
வாடகை பேசும்போதே சொல்லிவிடுவார்கள்.
ஆணி அடிக்க விடாத தூண் என்று
எத்தனை கல்யாணத்தில் திட்டியிருக்கிறேன்.
இன்றுதான் என் உள்ளங்கையில்
அதன் தோல் சிலிர்த்தது,
தெரிந்த குரல் கேட்ட மாடு போல.

பிறகு நின்றது.
"முடிஞ்சிருச்சா?"
"இல்லண்ணே. ஒம்பது நிமிஷம் சும்மா இருக்கும்.
மறுபடி கூப்பிடும். பதினோரு மாசமும் அப்படித்தான்."
சொக்கையா மூக்கை உறிஞ்சினார்.
"எதிர்ப்பக்கம் எடுக்கலையாக்கும்."

ஒன்பது நிமிடம்
மூன்று பேரும் தூணில் கை வைத்து நின்றோம்.
தெருவில் ஒரு நாய்.
டீசல் வாடை.
உண்ணாமலை ஒரு கையால்தான் தொட்டிருந்தாள்,
மறு கை மருதாணி பட்டுவிடாமல் மேலே.
மாப்பிள்ளைக்கு இதைப் போட்டுக் காட்டினாயா என்று
கேட்க வந்தேன். அதற்குள்
அண்டாவில் வட்டம்.

ஐந்தரைக்கு நாயனக்காரர் மைக் கேட்டார். கொடுத்தேன்.

பென்டிரைவ் என்னிடமே தங்கிவிட்டது.
வேறு வேறு மண்டபங்களில்
எல்லாரும் சாப்பிடப் போன பிறகு
ஒரு தடவை போடுகிறேன்.
சிமெண்டுத் தூண். இரும்புத் தூண்.
கை வைத்துப் பார்க்கிறேன்.
எடுப்பதில்லை.