கரண்ட் அடித்தது

கச்சேரிக்குப் பின்னால் விசாரணை அறை.
மின்விசிறிக்கு ஐந்து வேகம், ஓடுவது ஒன்று.
நான் மொழிபெயர்ப்பாளர்.
தமிழை வாங்கிச் சிங்களமாய்க் கொடுப்பேன்
சிங்களத்தை வாங்கித் தமிழாய்க் கொடுப்பேன்
நடுவில் எதையும் கையில் ஒட்டவிடக் கூடாது,
மீன் நிறுக்கிறவனுக்குச் சொல்வதுபோல.

முறைப்பாட்டாளர் மரியநேசன்,
பாலையூற்று, வயது நாற்பத்தொன்று.
கொட்பே துறைமுகத்தில் ஐஸ் உடைத்து ஏற்றுகிற வேலை.
சட்டையை உயர்த்தினார்.
விலாவில் இரண்டு புள்ளி, முதுகில் இரண்டு,
நுளம்பு கடித்த அளவு.
இவ்வளவுதானா என்று எல்லோரும் பார்த்தோம்.
நானும்தான் பார்த்தேன்.

"பஸ் ஸ்டாண்டடியில நிண்டனான்.
ஐசி எடு எண்டாங்கள்.
எடுக்கத்தான் கை பொக்கற்றுக்குப் போனது.
எனக்குக் கரண்ட் அடிச்சது."

அப்படியே கொடுத்தேன்.
பிழை இல்லை, இன்றைக்கும் சொல்வேன், பிழை இல்லை.
பொலிஸ் தரப்புச் சட்டத்தரணி பேனையை மூடினார்:
"கவனிக்கவும். கரண்ட் அடித்தது என்கிறார்.
என் கட்சிக்காரர் அடித்ததாகச் சொல்லவில்லை."

எங்கள் பேச்சு அப்படி.
ஈரக்கையால் சுவிட்ச் போட்டாலும் கரண்ட் அடிக்கும்,
காற்றுக்கு வயர் அறுந்து வேலியில் கிடந்தாலும் கரண்ட் அடிக்கும்.
மழை பெய்யும். காய்ச்சல் பிடிக்கும். ஷெல் விழும்.
முப்பது வருடம் ஷெல் விழுந்தது என்றே சொன்னோம்
மாம்பழம் விழுவதுபோல.
சிங்களத்திலும் உண்டு இந்த வினை,
செய்தவன் இல்லாமலே நடந்துமுடிகிற வினை.
இந்த ஒன்றில் இரண்டு மொழிக்கும்
நல்ல ஒற்றுமை.

பிறகு கருவியின் பதிவு வந்தது, ஒரு தாளில்.
விசையை இழுக்கும் ஒவ்வொரு தடவையும்
அது தன்பாட்டில் எழுதி வைக்குமாம்.
ஐந்து செக்கன்.
ஐந்து செக்கன்.
பதினேழு செக்கன்.
சார்ஜன்டின் குறிப்புப் புத்தகத்தில்: ஒரு தடவை, ஐந்து செக்கன்.
திகதிதான் கோணல்:
இரண்டாயிரமாம் ஆண்டு ஜனவரி ஒன்று.
பெட்டி பிரித்தவர்கள் கடிகாரத்தைத் திருத்தவில்லை.
ஆகவே இது இந்தச் சம்பவமே அல்ல என்றார் சட்டத்தரணி.
அந்த ஜனவரியில் மரியநேசனுக்குப் பதினாறு வயது,
அவர் வீட்டுக்குக் கரண்டே வந்திருக்கவில்லை.

அன்றிரவு கருவி யார் இடுப்பில்?
பாரமெடுத்த புத்தகத்தில் கையெழுத்து இருக்கிறது, இலக்கம் இல்லை.
நெஞ்சு இலக்கத்தை மழைக்கோட்டு மூடியிருந்தது.
கமரா வங்கிக் கதவைப் பார்த்திருந்தது.
மான்கள் பார்த்திருக்கும்,
கோட்டையால் இறங்கி வந்து
பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழத் தோல் தின்கிற ஏழெட்டு மான்கள்.
அழைப்பாணையை யார் கொண்டுபோய்க் கொடுப்பது?

வேறு சொல்ல உண்டா என்றார் தலைவர்.
மரியநேசன் தலைவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.
"தங்கச்சி, முதல் சொன்னதை வெட்டுங்கோ.
கரண்ட் அடிக்கேல்ல.
கரண்டால அடிச்சாங்கள்."

ஓர் 'ஆல்'.
வாய்க்குள் வைத்துப் புரட்டிப் பார்த்தேன்.
சிங்களத்துக்கு எடுத்தவுடன்
வினை ஆளைக் கேட்டது.
தட்டச்சுக்காரர் தலை நிமிர்ந்து, "யார்?" என்றார்.
வாக்கியத்துக்கு எழுவாய் வேண்டும், அவர் கவலை அவ்வளவுதான்.

"நம்பர் தெரியாது. முகம் தெரியும்."
காட்ட முடியுமா?
எதிர்வாங்கில் நாலு சீருடை,
நாலு பேரும் ஃபோனுக்குள் குனிந்திருந்தார்கள்.
மரியநேசனின் கை எழும்பியது,
ஐம்பது கிலோ ஐஸ் பெட்டி தூக்குகிற கை,
நடுங்கியது.
பயமா, அந்தப் பதினேழு செக்கனா, எனக்குத் தெரியாது.
பாதியில் நிற்கும்போதே
நாலேகால் ஆகிவிட்டது என்றார்கள்.
அடுத்த தவணை இருபத்தொன்பதாம் திகதி.

அவர் பஸ் காசுக்குத் துண்டு கேட்டுக்கொண்டு நின்றார்.
நான் தாளைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும்.
கடைசி வரி இப்படி இருந்தது:

................ கரண்டால் அடித்தார்.

புள்ளிகளை எண்ணினேன். பதினாறு.
கையெழுத்துப் போடுமுன்
இன்னுமொன்று வைத்தேன்.
மொழிபெயர்ப்பாளர் எதையும் கூட்டக் கூடாது என்பது விதி.