தண்ணீர் பம்ப்புக்கு ஒரு பேக்கிங்

இந்த நாட்டு பஸ்களில் கண்டக்டருக்குப் பேர் சபேயா.
ஸ்பேர் என்கிற சொல் பர்மியர் நாவில்
தேய்ந்து தேய்ந்து அங்கே நின்றது.
பதினோரு வருஷம் நான் சபேயா,
பெகுவுக்கும் தனப்பினுக்கும் நடுவில்.
பின்படியில் ஒரு கால்,
இன்னொன்று பெரும்பாலும் காற்றில்.

ஏட்டில் வண்டியின் பேர் செவர்லெட்.
சண்டைக்கு வந்த ராணுவ லாரி;
அதில் மிஞ்சியது சேஸி மட்டும்.
ரேடியேட்டர் ஹீனோ. கார்பரேட்டர் ஏதோ ஜீப்.
பிஸ்டன் ரிங் மீன்படகிலிருந்து வந்தது,
அரம் போட்டு ராவி ராவி உள்ளே இறங்கியது.
பிரேக்குக்குச் சோப்புத் தண்ணீர்.
கூடு தேக்கு.
ஹாரனை எதிலிருந்து கழற்றினார்களோ,
அடித்தால் எருமைகள் பதில் சொல்லும்.

செக்போஸ்ட்டில் ஒருமுறை எஞ்சின் நம்பர் கேட்டார்கள்.
டிரைவர் கோ தௌங் பானெட்டைத் தூக்கி
"எது வேண்டும்?" என்றான்.
மூன்று இருந்தன.
எழுத வந்தவன் சிரித்துவிட்டு
என் கார்டைக் கேட்டான்.
அதில் மௌங் சோ வின்.
அப்பன் வைத்தது மாசிலாமணி,
கை நிறையக் கரி ஆயிலோடு.

அந்த செப்டம்பரில் வயலும் ரோடும் ஒரே தண்ணீர்.
பாதி வழியில் பம்ப் ஒழுகி, வண்டி கொதித்து நின்றது.
எங்கு பார்த்தாலும் தண்ணீர்,
எஞ்சினுக்குள் மட்டும் இல்லை.
பேக்கிங் கரைந்து கூழாகியிருந்தது.
சிகரெட் அட்டை இருக்கிறதா என்று கேட்டான்;
பஸ்ஸில் எல்லோரும் சுருட்டுப் பிடிக்கிறவர்கள்.
அட்டை தேடி டீக்கடைக்கு ஓடினேன்.

கடையில் ரேடியோவைச் சுற்றி ஆட்கள்.
யாரும் டீ குடிக்கவில்லை.
இருபத்தைந்து, முப்பத்தைந்து, எழுபத்தைந்து கியாட் தாள்கள்
இனிமேல் செல்லாது.
மாற்றித் தருவதும் இல்லை.
கடைக்காரன் காலண்டரைக் கேட்க வந்தவன்
கேட்காமலே திரும்பினேன்.

டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு பால்மாவு டப்பா.
அசல் பம்ப் ஒன்று மௌல்மேன் ஆள் கொண்டுவருவான் என்று
நாலு மாதமாய்ச் சேர்த்தது.
நாற்பது தாள், அத்தனையும் எழுபத்தைந்து.
நான் சொன்னதைக் கேட்டுவிட்டு
கோ தௌங் அதை இன்னொரு தரம் எண்ணினான்.
நாற்பதுதான்.

பின்சீட்டில் ஒருத்தி, நெல் விற்ற காசை
மடியோடு பிடித்துக்கொண்டு
வயலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
கருவாட்டுக்காரி மா சீனிடம் எல்லாம் ஒற்றைத் தாள்,
வாளையின் வாடையோடு.
அன்றைக்கு பஸ்ஸில் அவள்தான் பணக்காரி.
அவளுக்குச் சிரிக்கவும் பயமாக இருந்தது.

பம்ப்பின் முகத்தில் தாளை வைத்து
சுத்தியலால் விளிம்பில் மெல்லத் தட்டினால்
இரும்பே தாளை வெட்டிக்கொள்ளும்.
ஒன்றின் அகலம் பற்றவில்லை, இரண்டை ஒட்டினான்.
கிரீஸ் தடவி மேலே இரண்டு,
அதற்கும் மேலே இரண்டு.
போல்ட் துளைகளுக்கு ஆணி.
"நல்ல காகிதம்" என்றான்.

வயலில் வாளி முக்கி ரேடியேட்டரில் ஊற்றினேன்.
மூன்றாம் வாளியில் அரைவிரல் மீன் ஒன்று.
அதை மட்டும் திருப்பி விட்டேன்.
ஹாண்டில் போட்டுச் சுற்றினோம்,
நாலாவது சுற்றில் பிடித்துக்கொண்டது.
பம்ப்புக்குக் கீழே கை வைத்துப் பார்த்தேன்.
உலர்ந்திருந்தது.

தனப்பினில் இறங்கும்போது ஒரு வாத்தியார்
முப்பத்தைந்து தாளை நீட்டினார்.
கண்ணை என்மேல் வைக்கவில்லை.
வாங்கிக்கொண்டேன், மீதியும் கொடுத்தேன்.
கோ தௌங் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான்.
"சிலிண்டர் ஹெட்டுக்கு ஆகுமா?" என்றேன்.
"அதற்குச் செம்பு வேண்டும்" என்றான்.

மறு ஆகஸ்டில் ஊரே கொதித்தது.
வண்டியைச் சாக்கு போட்டு மூடி
புளியமரத்தடியில் நிறுத்தினோம்.
பம்ப் அப்போதும் ஒழுகவில்லை.